வ. வே. சு. ஐயர்

வ. வே. சு. ஐயர் என்று பரவலாக அறியப்படும் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (ஏப்ரல் 2, 1881 - ஜூன் 3, 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் தமிழ் எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் இதழாசிரியரும் ஆவார். இலண்டனில் சட்டம் பயிலச் சென்ற இடத்தில் புரட்சி இயக்கத்தில் இணைந்த இவர், பின்னர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பத்தாண்டுகள் அரசியல் அகதியாக வாழ்ந்தார். அங்கு இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் பயிற்சி அளித்தார். அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவர் ஆஷ் கொலையால் அறியப்படும் வாஞ்சிநாதன். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், கம்பனை ஆராய்ந்தவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர் என்ற வகையில் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இவருக்குத் தனி இடம் உண்டு.

இளமையும் கல்வியும்

ஐயர் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். தந்தையார் பெயர் வேங்கடேச ஐயர். தாயார் காமாட்சி அம்மாள். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். இலத்தீன் மொழியையும் அக்கல்லூரியிலேயே கற்றார். பிற்காலத்தில் கிரேக்க, உரோமானிய காவியங்களைக் கம்பனோடு ஒப்பிட்டு எழுதுவதற்கு இப்பயிற்சி துணைநின்றது. சென்னையில் வழக்கறிஞர் தேர்வில் 1902 ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்று, திருச்சிராப்பள்ளியில் தொழில் நடத்தினார். உறவுப் பெண்ணான பாக்கியலட்சுமி அம்மாளை மணந்தார்.

1906 ஆம் ஆண்டு இரங்கூன் சென்று அங்கு வழக்கறிஞர் பணியைத் தொடர்ந்தார். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் 1907 ஆம் ஆண்டு இலண்டன் சென்று, லிங்கன்ஸ் இன் என்னும் சட்டப் பயிலகத்தில் சேர்ந்தார்.

இலண்டன் வாழ்க்கை

இலண்டனின் ஹைகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியா விடுதி, இந்திய மாணவர்கள் தங்கும் இடமாகவும் தேசியவாதிகள் கூடும் இடமாகவும் விளங்கியது. அங்கு ஐயர் விநாயக தாமோதர சாவர்க்கருக்கு மிக நெருங்கிய துணைவரானார். பின்னாளில் சென்னை மாகாண அமைச்சராக இருந்த தி. சே. சௌ. ராஜன், உலகெங்கும் அலைந்த புரட்சியாளர் எம். பி. டி. ஆச்சார்யா ஆகியோரும் அங்கிருந்த தமிழர்கள். சுப்பிரமணிய பாரதியார் ஆசிரியராக இருந்த இந்தியா வார இதழுக்கு ஐயர் இலண்டனிலிருந்து கடிதங்கள் எழுதி வந்தார்.

சூலை 1, 1909 அன்று இந்தியா விடுதியுடன் தொடர்புடைய மதன்லால் திங்ரா, இலண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் நடந்த கூட்டத்தில் கர்சன் வைலி என்னும் ஆங்கிலேய அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க முயன்ற மருத்துவர் கவாஸ் லால்காகாவும் உயிரிழந்தார். திங்ரா அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று தூக்கிலிடப்பட்டார்.

சுடும் பயிற்சி நிலையம்

கொலை நடந்த நாளன்று மாலையிலும் திங்ரா டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த ஒரு சுடும் நிலையத்தில் தம் கோல்ட் கைத்துப்பாக்கியால் பயிற்சி செய்தார் என்பது வழக்கு விசாரணையில் வெளியானது. ஐயரும் அதே சாலையில் இருந்த நிலையத்தில் சுடப் பழகினார் என்று பிரித்தானியக் காவல்துறையின் குறிப்புகள் கூறுகின்றன.

இத்தகைய நிலையங்கள் இலண்டன் நகரின் நடுவே இயங்கியதற்கு ஒரு பின்னணி உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரித்தானியப் படையினரின் குறிபார்க்கும் திறன் குறைவாக இருந்தது உணரப்பட்டது. அதனால் பொதுமக்களுக்கும் சுடும் பயிற்சி தேவை என்று தளபதி ராபர்ட்ஸ் பிரபு பரப்புரை செய்தார். படைத் துப்பாக்கியின் தோட்டா விலை மிகுந்தது. அதைச் சுட நெடுந்தொலைவு திறந்தவெளியும் வேண்டும். எனவே .22 அங்குல (ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர்) குழல் விட்டமுள்ள சிறு துப்பாக்கிகளைக் கொண்ட சங்கங்கள் நாடெங்கும் தோன்றின. சிறு தோட்டாவின் விலை குறைவு, ஓசை குறைவு, பின்னுதைப்பும் குறைவு. ஒரு கட்டடத்துக்குள்ளேயே சில கெச தொலைவில் இலக்கை வைத்துப் பழகலாம். கட்டணம் செலுத்திச் சுட்டுப் பழகும் நகர நிலையங்களும் இந்த அலையில் பெருகின. வாக்குரிமை கோரிப் போராடிய பெண்கள் இருவர் அங்குப் பழகுவதாகவும் 1909 ஆம் ஆண்டு காவல்துறைக்குத் தகவல் கிடைத்தது. பேரரசின் பாதுகாப்புக்கென ஊக்குவிக்கப்பட்ட ஒரு பழக்கம், அப்பேரரசை எதிர்த்தவர்களுக்கும் பயன்பட்டது.

தலைமறைவுப் பயணம்

மார்ச் 13, 1910 அன்று சாவர்க்கர் இலண்டனில் கைது செய்யப்பட்டார். ஐயர் மீதும் காவல்துறையின் பார்வை இறுகியது. பாரிஸ்டர் தேர்வுகளில் தேறியிருந்தும், முடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் அவர் பட்டம் பெறவில்லை என்று கூறப்படுகிறது. அவர் மாறுவேடத்தில் இங்கிலாந்தை விட்டுத் தப்பிப் பாரிசு சென்று, மேடம் காமா முதலிய புரட்சியாளர்களுடன் சில மாதங்கள் இருந்தார். பயணத்தின்போது ஒற்றர் ஒருவர் அவருடைய பெட்டியில் இருந்த வ. வே. சு. என்னும் தலைப்பெழுத்துக்களைக் கண்டு ஐயுற்றபோது, அவ்வெழுத்துக்களுக்கு ஏற்ற ஒரு சீக்கியப் பெயரைச் சொல்லித் தப்பினார் என்ற செய்தி அவரது வாழ்க்கை வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. சுற்று வழியாகக் கடற்பயணம் செய்து 1910 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

புதுச்சேரி வாழ்க்கை

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால் பிரித்தானிய இந்தியக் காவல்துறைக்கு அங்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை. பாரதியார் 1908 ஆம் ஆண்டிலும், அரவிந்தர் 1910 ஏப்ரலிலும் அங்கு வந்திருந்தனர். ஐயர் இவர்களோடு நெருங்கிப் பழகினார். உடற்பயிற்சி, மற்போர், நீச்சல் ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், தம்மைச் சூழ்ந்த இளைஞர்களையும் அவற்றில் பழக்கினார்.

குறிபார்க்கும் பயிற்சி

பிரித்தானிய இந்தியாவில் 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். இந்தியருக்கு உரிமம் கிடைப்பது அரிது. எனவே புரட்சியாளர்கள் ஐரோப்பாவிலிருந்து ஆயுதங்களைக் கடத்தினர். இலண்டன் இந்தியா விடுதியில் சமையற்காரராக இருந்த சதுர்புஜ் அமீன் 1909 ஆம் ஆண்டு ஊர் திரும்பியபோது, பெட்டியின் கள்ள அடித்தட்டில் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக்கில் மாவட்ட ஆட்சியர் ஜாக்சனைக் கொல்லப் பயன்பட்டது.

பிரௌனிங் என்பது அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரில் உருவாக்கப்பட்ட தானே தோட்டா நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கி. 1900 ஆம் ஆண்டின் வகை 7.65 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும்; அதன் பெட்டியில் ஏழு தோட்டாக்கள் அடங்கும். சட்டைப்பையில் அடங்கும் அளவினது என்பதால் பல நாட்டுப் புரட்சியாளர்களும் இதனை விரும்பினர்.

இத்துப்பாக்கியில் பழகுவதற்குத் தோட்டாக்களே பெரிய தடையாகும். நீள்துப்பாக்கியின் குழலுக்குள் மெல்லிய உட்குழல் ஒன்றைச் செருகி மலிவான சிறு தோட்டாவைச் சுடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரித்தானியப் படையில் இருந்தது. அது மோரிஸ் குழல் எனப்பட்டது. பிரான்சில் புளோபேர் என்பவர் 1840களில் உருவாக்கிய மிகச் சிறிய தோட்டாக்கள் வீட்டுக் கூடங்களிலேயே சுட்டுப் பழகப் பயன்பட்டன. ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா இடும் துப்பாக்கிக்கு இவ்வகை மாற்றம் எளிது. தானே நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கியின் நிலை வேறு. தோட்டாவின் பின்னுதைப்பே அதன் மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. வலுக்குறைந்த தோட்டாவை இட்டால் அப்பகுதி முழுதாகப் பின்வாங்காது. குழலோடு தோட்டாப்பெட்டி, சுருள்வில், மேற்பகுதி ஆகியவற்றையும் மாற்றவேண்டும். ஆகவே மலிவான பயிற்சி என்பது படைகளுக்கும் உரிமம் பெற்ற சங்கங்களுக்கும் வாய்த்த வசதி. கடல் கடந்து ஒளித்துக் கொண்டுவரப்பட்ட தோட்டாவைக் கொண்டு பழகுபவருக்கு, பயிற்சியில் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் கையிருப்பில் ஒன்று குறைவதாகும்.

செங்கோட்டையைச் சேர்ந்தவரும் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றியவருமான வாஞ்சிநாதன், 1911 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று மாத விடுப்பு எடுத்துப் புதுச்சேரி வந்தார். அங்கு அவர் ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றார். 1918 ஆம் ஆண்டு வெளியான ரௌலட் குழுவின் அறிக்கையும் இதனைக் குறிப்பிடுகிறது. புதுச்சேரி நகருக்கு வெளியே உள்ள தோப்புகளில் இப்பயிற்சி நடைபெற்றதாகக் கூறுவர்.

மணியாச்சி நிகழ்வு

வேம்பார், தூத்துக்குடி, மணப்பாடு முதலிய துறைகளைக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரை அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இக்கடற்கரையின் தலைமைத் துறைமுகமான தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 ஆம் ஆண்டு சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். 1908 மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அப்போது தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்த ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் பின்னர் திருநெல்வேலி ஆட்சியரானார்.

ஜூன் 17, 1911 அன்று கொடைக்கானல் செல்வதற்காக மனைவி மேரியுடன் தொடர்வண்டியில் புறப்பட்ட ஆஷ், மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தபோது வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்தார். வாஞ்சிநாதன் நடைமேடையில் இருந்த கழிப்பறைக்குள் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிர் துறந்தார். அவர் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவருடைய சட்டைப்பையில் இருந்த கடிதம், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவை எதிர்ப்பதாகவும் சனாதன தர்மத்தைக் காப்பதாகவும் கூறியது. கடிதத்தின் சமயச் சார்பான சொற்கள் காரணமாக இக்கொலையின் நோக்கம் குறித்து ஆய்வாளர்களிடையே இன்றளவும் விவாதம் நடைபெறுகிறது.

சுடப்பட்டது ஒரு தொடர்வண்டிப் பெட்டிக்குள், சில அடி தொலைவில் ஆகும். இத்தகைய தொலைவில் குறி தவறுவது அரிது. எனவே புதுச்சேரிப் பயிற்சி குறிபார்க்கும் திறனை வளர்த்ததைவிட, ஆயுதத்தைத் தயக்கமின்றிக் கையாளும் துணிவை அளித்தது என்று கொள்ளலாம்.

வழக்கும் கண்காணிப்பும்

ஆஷ் கொலை தொடர்பாக நீலகண்ட பிரம்மச்சாரி முதலிய 14 பேர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடைபெற்றது. 1912 ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வாஞ்சிநாதனுடன் மணியாச்சிக்குச் சென்ற சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தன. விசாரணைக் காலத்தில் தருமராஜ ஐயர், வேங்கடேசுவர ஐயர் ஆகிய இருவர் தற்கொலை செய்துகொண்டனர். தேடப்பட்டவர்களுள் ஒருவரான ஓட்டப்பிடாரம் மாடசாமி பிடிபடவே இல்லை.

ஐயர், பாரதியார் உள்ளிட்டோரைப் பிடிக்கப் பிரித்தானிய அரசு பிடியாணை பிறப்பித்தது. பிரித்தானிய ஒற்றர்கள் புதுச்சேரியில் அவர்களுடைய வீடுகளைச் சுற்றிக் காவல் இருந்தனர். ஐயர் வீட்டுக் கிணற்றில் போலிக் கடிதங்கள் அடங்கிய ஒரு பாண்டத்தைப் போட்டு அவரைச் சிக்க வைக்கவும் முயற்சி நடந்தது. பாண்டம் கண்டெடுக்கப்பட்டதும் அகதிகள் தாமே பிரெஞ்சு அதிகாரிகளுக்குத் தெரிவித்தமையால் அச்சூழ்ச்சி பலிக்கவில்லை. அகதிகள் தொடர்ந்து தங்க ஐந்து உள்ளூர்ப் பிரமுகர்களின் சான்று தேவைப்பட்டபோது, சங்கர செட்டியார் முதலியோர் உதவினர்.

முதல் உலகப் போர் தொடங்கியபின் நெருக்கடி மிகுந்தது. இவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடும் திட்டமும் பேசப்பட்டது. ஐயரும் நண்பர்களும் புதுச்சேரியை விட்டு நகர மறுத்தனர்.

இலக்கியப் பணி

எப்போதும் நாடு கடத்தப்படலாம் என்றிருந்த இக்காலத்தில்தான் ஐயர் தம் முதன்மையான நூல்களை எழுதினார். 1914 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிச் சில மாதங்களில் திருக்குறள் முழுவதையும் ஆங்கில உரைநடையில் மொழிபெயர்த்தார். 1916 ஆம் ஆண்டு வெளியான இம்மொழிபெயர்ப்பு, பின்வந்த மொழிபெயர்ப்பாளர்களால் மதிக்கப்படுவதாகும்.

இவர் எழுதிய குளத்தங்கரை அரசமரம் என்னும் கதை 1915 ஆம் ஆண்டு விவேகபோதினி இதழில் வெளியானது. குளக்கரையில் நிற்கும் அரசமரமே கதை சொல்வதாக அமைந்த இது, வரதட்சணை தொடர்பான பூசலால் வாழ்விழந்த இளம் பெண்ணைப் பற்றியது. நவீன இலக்கணத்துக்கு இயைந்த முதல் தமிழ்ச் சிறுகதை இதுவே எனப் பலர் கருதுகின்றனர். இதன் கருவில் இரவீந்திரநாத் தாகூரின் கதை ஒன்றின் சாயல் இருப்பதாகவும், பாரதியார் முதலியோரின் கதைகள் இதற்கு முந்தியவை என்றும் கூறுவோரும் உண்டு. நூல்களை வெளியிடக் கம்ப நிலையம் என்னும் பதிப்பகத்தையும் ஐயர் நடத்தினார்.

தமிழகம் திரும்புதல்

போர் முடிந்தபின் பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்டதால் ஐயர் 1920 ஆம் ஆண்டு பிரித்தானிய இந்தியாவுக்குத் திரும்பினார். துப்பாக்கி வழியைக் கைவிட்டுக் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்றார். திரு. வி. கலியாணசுந்தரனார் முன்னர் ஆசிரியராக இருந்த தேசபக்தன் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அவ்விதழில் வெளியான கட்டுரைக்காக 1921 செப்டம்பரில் அரசவெறுப்புக் குற்றத்தின் பேரில் கைதானார். ஒன்பது மாதங்கள் பெல்லாரிச் சிறையில் இருந்தார். கம்பராமாயணத்தை ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரின் காவியங்களோடு ஒப்பிட்டு ஆராயும் ஆங்கில நூலை அச்சிறையில் எழுதினார். இந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1950 ஆம் ஆண்டு தில்லித் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது.

சேரன்மாதேவி குருகுலம்

1922 ஆம் ஆண்டின் இறுதியில் ஐயர் திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அது விரைவில் சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது. தாய்மொழி வழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி ஆகியவற்றோடு நாட்டுப்பற்றையும் ஊட்டுவது இதன் நோக்கம். பால பாரதி என்னும் இதழும் இங்கிருந்து வெளிவந்தது. செட்டிநாட்டு வணிகர்களும் மலேயாத் தமிழர்களும் நன்கொடை வழங்கினர். தமிழ்நாடு காங்கிரசுக் குழு 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் வழங்கியது.

குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் பெற்றோரின் வற்புறுத்தலின் பேரில் மற்ற மாணவர்களிடமிருந்து பிரிந்து தனியே உணவருந்த அனுமதிக்கப்பட்டது 1924 ஆம் ஆண்டு வெளியில் தெரியவந்தது. பொதுப்பணத்தில் நடைபெறும் தேசியப் பள்ளியில் சாதி வேறுபாடு காட்டுவதை பெ. வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. இராமசாமி ஆகியோர் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசுக் குழுவின் செயலாளர் என்ற முறையில் ஈ. வெ. இராமசாமி எஞ்சிய 5,000 ரூபாயைத் தர மறுத்தார். ஐயர் தாம் சாதி வேறுபாடு பாராதவர் என்றும், அவ்விருவரின் பெற்றோருக்கு அளித்த வாக்கை மீற இயலாது என்றும் விளக்கினார். அவ்விருவருக்கு மட்டும் வாக்கைக் காத்து, இனி அத்தகைய நிபந்தனையுடன் எவரையும் சேர்க்காதிருக்கலாம் என்ற காந்தியின் சமரச யோசனை எதிர்த்தோரை நிறைவு செய்யவில்லை. 1925 ஆம் ஆண்டு ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இப்போராட்டம் ஒரு பள்ளியின் பந்தி முறையோடு நிற்கவில்லை. பிராமணர் அல்லாதோருக்குக் காங்கிரசில் சம இடம் கிடைக்குமா என்னும் வினாவாக அது வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாதபோது ஈ. வெ. இராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் பிற்காலப் போக்கைத் தீர்மானித்த நிகழ்வுகளுள் ஒன்றாகச் சேரன்மாதேவி குருகுலப் போராட்டம் கருதப்படுகிறது.

மறைவு

1925 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் தம் மகள் சுபத்திரையுடனும் மாணவர்களுடனும் பாபநாசம் சென்றார். ஜூன் 3 அன்று தாமிரபரணியின் கல்யாண தீர்த்தம் அருகே நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற சுபத்திரை தவறி விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஐயர் நீரில் குதித்தார். தேர்ந்த நீச்சல் வீரராக இருந்தும் அருவியின் வேகத்தில் இருவரும் உயிரிழந்தனர். அப்போது அவருக்கு வயது 44.

மதிப்பீடு

ஐயரின் வாழ்வு ஒன்றுக்கொன்று முரண்பட்ட கூறுகளைக் கொண்டது. திருக்குறளை மொழிபெயர்த்தவரே அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். ஆயுத வழியைக் கைவிட்டு அறவழியில் ஒரு பள்ளியை உருவாக்கியவர், அப்பள்ளியின் உணவுப் பந்தியில் சமத்துவத்தை நிலைநாட்டத் தவறினார் என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளானார். விடுதலைப் போராட்ட வரலாறு அவரைத் தியாகியாகவும், சமூகநீதி இயக்க வரலாறு அவரைத் தன் தொடக்கப் போராட்டத்தின் எதிர்த்தரப்பாகவும் பதிவு செய்கிறது. இரண்டையும் ஒருங்கே படிப்பவர்க்கே இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத் தமிழகம் விளங்கும்.

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் இவருக்குத் தமிழக அரசின் நினைவு இல்லம் உள்ளது. ஆஷ் கொலை நிகழ்ந்த தொடர்வண்டி நிலையம் பின்னர் வாஞ்சி மணியாச்சி எனப் பெயரிடப்பட்டது.

படைப்புகளுள் சில

* திருக்குறள் - ஆங்கில மொழிபெயர்ப்பு (1916)
* மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள் - சிறுகதைத் தொகுப்பு
* கம்பராமாயண ஆய்வு - ஆங்கிலம் (வெளியீடு 1950)
* நெப்போலியன் - வாழ்க்கை வரலாறு
* கரிபால்டி - வாழ்க்கை வரலாறு
* குரு கோவிந்த சிங் - வாழ்க்கை வரலாறு